டிரோன் பாட்டரி இணைப்பிக் கோளாறுகள்: பொறுப்பு யாருடையது?

வயலுக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் பூச்சிமருந்து தெளித்துச் செல்லும் டிரோன், வரப்போரம் திரும்பும் வேளையில் எவ்வித எச்சரிக்கையுமின்றி ஓசை அடங்கி விழுந்துவிடுகிறது. ஓடிச் சென்று பார்ப்போர் கண்ணில் முதலில் படுவன முறிந்த கைகளும் உடைந்த மருந்துத் தொட்டியுமே. பாட்டரியில் மின்சாரம் தீர்ந்திருக்கவில்லை. இயக்கியவரின் கைக்கருவியிலும் அபாய அறிவிப்பு எதுவும் வந்திருக்கவில்லை. பாட்டரியை டிரோனோடு சேர்க்கும், கட்டைவிரல் அளவே உள்ள 'கனெக்டர்' என்னும் இணைப்பியைப் பிரித்துப் பார்த்தால், அதன் ஒரு முள் கறுத்தும் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறை உருகியும் இருக்கக் காணலாம்.

இதன் பின்னர் தொடங்குவது வேறொரு கதை. இணைப்பியை முழுவதுமாக அழுத்திச் செருகாதது இயக்கியவரின் பிழை என்கிறார் டிரோன் உற்பத்தியாளர். பாட்டரியுடன் வந்த இணைப்பிக்குப் பாட்டரி விற்றவரே பொறுப்பு என்றும் அவர் கூறுவதுண்டு. டிரோன் இழுக்கும் மின்னோட்டத்துக்கு ஏற்ற இணைப்பியைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் டிரோனை வடிவமைத்தவரே என்கிறார் பாட்டரி விற்றவர். இணைப்பியை வார்த்த தொழிற்சாலையோ கடல் கடந்து இருக்கிறது. அதன் பெயர்கூட வாங்கியவருக்குத் தெரியாது. இயந்திரக் கோளாறும் இயல்பான தேய்மானமும் காப்பீட்டில் அடங்கா என்று காப்பீட்டு நிறுவனம் எழுதிவிடுகிறது. இவ்வாறு சில நூறு ரூபாய் பெறுமானமுள்ள ஓர் உறுப்பு, பல லட்சம் ரூபாய் பெறுமானமுள்ள இயந்திரத்தை ஒரு பருவம் முழுவதும் கொட்டகையில் முடக்கிவிடுகிறது.

இந்தியாவில் இப்பிரச்சினை விமான ஆர்வலர்களின் பொழுதுபோக்கைப் பற்றியதாக மட்டும் இன்று இல்லை. 2023 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'நமோ டிரோன் தீதி' திட்டம், 2023-24 முதல் 2025-26 வரையிலான காலத்தில், 1,261 கோடி ரூபாய்ச் செலவில், 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு டிரோன்களை வழங்குவதை நோக்கமாகக் கொண்டது. டிரோனின் விலையில் 80 சதவிகிதம், உச்ச அளவாக 8 லட்சம் ரூபாய், மத்திய அரசின் உதவி. எஞ்சிய தொகையைக் கடனாகப் பெறலாம். வட்டியில் 3 சதவிகிதச் சலுகை உண்டு. குழு ஒன்றுக்கு ஆண்டுதோறும் குறைந்தது 1 லட்சம் ரூபாய் கூடுதல் வருவாய் கிடைக்கும் என்பது திட்டத்தின் எதிர்பார்ப்பு. விலை 10 லட்சம் எனக் கொண்டால் குழுவின் கடன் 2 லட்சமாகும். தெளிப்புப் பருவம் ஆண்டில் சில வாரங்களே. அவ்வாரங்களில் இயந்திரம் நின்றுவிட்டால் வருவாய் நிற்கும், கடன் தவணையோ நிற்காது. எனவே, விழுந்த டிரோனுக்கு யார் பதில் சொல்வது என்னும் கேள்வி, குழுவின் கணக்குப் புத்தகத்தைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

இணைப்பியில் நிகழ்வது என்ன?

பொறுப்பைப் பற்றிப் பேசுமுன் பௌதிகத்தைச் சற்று நோக்குவது நன்று. பல சுழலிகளைக் கொண்ட டிரோனுக்கு இறக்கை இல்லை. இயந்திரம் நின்ற சிறு விமானம் சறுக்கிக் கொண்டாவது தரையிறங்கும். மின்சாரம் நின்ற டிரோன் கல்லைப் போல் விழும். 10 மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொட ஏறக்குறைய ஒன்றரை வினாடி போதும். அதற்குள் இயக்குபவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

பத்து லிட்டர் மருந்து சுமக்கும் வேளாண் டிரோன் அந்தரத்தில் நிற்பதற்கே பல ஆயிரம் வாட் மின்திறன் தேவை. 44 வோல்ட் மின்னழுத்தத்தில் 4,400 வாட் எனக் கொண்டால், மின்னோட்டம் 100 ஆம்பியர். இவ்வளவும் ஒரு சோடி உலோக முட்களின் வழியாகவே பாய்கிறது. இரு முட்கள் தொடும் இடத்தில் சிறிது மின்தடை இருந்தே தீரும். அத்தடை அரை மில்லி ஓம் என்றால் அங்கு உண்டாகும் வெப்பம் 5 வாட். காற்று அதனை எளிதில் ஆற்றிவிடும். தேய்மானத்தாலும் அழுக்காலும் தடை 3 மில்லி ஓம் ஆகிவிட்டால் வெப்பம் 30 வாட். வானொலிப் பழுது பார்ப்பவர் ஈயம் பற்றவைக்கப் பயன்படுத்தும் சூட்டுக்கோல் பெரும்பாலும் 25 வாட்தான் என்பதை நினைவிற்கொண்டால், இணைப்பிக்குள் நிகழ்வது என்னவென்று விளங்கும். வெள்ளீயமும் காரீயமும் கலந்த வழக்கமான பற்று 183 டிகிரி செல்சியசில் உருகும். அதற்கு முன்பே பிளாஸ்டிக் உறை இளகி, முள்ளின் பிடி தளர்ந்துவிடக்கூடும். பிடி தளர்ந்தால் தடை மேலும் கூடும்; தடை கூடினால் சூடு மேலும் ஏறும். ஒன்றையொன்று வளர்க்கும் இச்சுழலில் இறுதிக் கட்டம் மிக விரைவாக முடிந்துவிடுகிறது. முந்தின நாள் வரை 'நன்றாகத்தான் பறந்தது' என்று இயக்கியவர் கூறுவது பெரும்பாலும் உண்மையே.

தடை கூடுவதற்குக் காரணங்கள் பல. செருகும் நொடியில் தெறிக்கும் தீப்பொறி அவற்றுள் ஒன்று. டிரோனின் மோட்டார்க் கட்டுப்பாட்டுச் சுற்றுகளில் உள்ள மின்தேக்கிகள் வெறுமையாக இருக்கும். பாட்டரி தொட்டவுடன் அவை ஒரே மூச்சில் மின்சாரத்தை உறிஞ்சுவதால், முள்ளின் நுனியில் பொறி பறந்து சிறு குழிகள் விழுகின்றன. இதனைத் தவிர்க்கவே, தொடக்கத்தில் ஒரு சிறு மின்தடையின் வழியாக மின்சாரத்தைச் செலுத்தும் 'பொறி தடுப்பு' இணைப்பிகள் வந்துள்ளன. சுழலிகளின் அதிர்வு இன்னொரு காரணம். கண்ணுக்குத் தெரியாத அளவில் முட்கள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து, மேற்பூச்சு தேய்ந்து, அடியிலுள்ள உலோகம் ஆக்சைடு படிந்துவிடுகிறது. வேளாண் பணியில் இவற்றோடு உரக்கரைசலின் ஈரமும் மருந்துத் திவலையும் சேர்கின்றன. மருந்து கலக்கிய கையாலேயே பாட்டரியை மாற்றுவது வயலில் அன்றாடக் காட்சி. இவையன்றி, தொழிற்சாலையிலேயே ஈயப்பற்று சரியாக ஊறாமல் போவதும் உண்டு. வெளியே பளபளப்பாகத் தோன்றும் பற்று உள்ளே கம்பியைப் பிடிக்காமல் இருக்கும்.

எந்த இணைப்பி முதலில் கெடும் என்பதற்கு ஒரு சிறு கணக்கே விடை தரும். டிரோன் தீதி திட்டத்தின் தொகுப்பில், டிரோனுடன் வரும் பாட்டரித் தொகுதியைத் தவிர, மேலும் 4 பாட்டரித் தொகுதிகள் அடங்கும். இவற்றைக் கொண்டு நாளொன்றுக்கு 20 ஏக்கர் வரை தெளிக்கலாம் என்பது எதிர்பார்ப்பு. ஏக்கருக்கு ஒரு பறப்பு, பறப்புக்கு ஒரு பாட்டரி மாற்றம் எனக் கொண்டால், டிரோன் பக்கத்து இணைப்பி நாளொன்றுக்கு 20 முறை செருகப்படுகிறது. ஐந்து பாட்டரிகளும் சுழற்சியில் வருவதால் ஒவ்வொரு பாட்டரியின் இணைப்பியும் பறப்புக்கு 4 முறை, மின்னேற்றத்துக்கு 4 முறை, ஆக 8 முறைதான் செருகப்படுகிறது. நூறு வேலை நாட்களில் டிரோன் பக்கம் 2,000 முறையும் பாட்டரிப் பக்கம் 800 முறையும் ஆகும். ஆகவே விரைவாகத் தேய்வது டிரோனோடு நிலையாகப் பொருத்தப்பட்டுள்ள பக்கமே. ஆனால் கோளாறு வந்தவுடன் மாற்றப்படுவது எது? பாட்டரி! புதிய பாட்டரியின் பழுதற்ற முள் தேய்ந்த துளைக்குள் செருகப்பட்டு, அதுவும் சில நாட்களில் கறுக்கிறது. 'மூன்று பாட்டரி மாற்றியும் இதே கோளாறு' என்னும் குறைபாட்டுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுவாகவே இருக்கக்கூடும்.

இணைப்பிகளின் மேல் பொறிக்கப்படும் ஆம்பியர் அளவும் கவனத்துக்குரியது. அவ்வளவு ஒரு குறிப்பிட்ட சுற்றுப்புற வெப்பநிலையில், குறிப்பிட்ட தடிப்புள்ள கம்பியுடன், வெப்பம் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டாமல் இருப்பதைக் கொண்டு நிர்ணயிக்கப்படுவது. ஆய்வுக்கூடத்தின் 25 டிகிரியில் தேறிய இணைப்பி, சித்திரை வெயிலில் 42 டிகிரி காற்றில், மூடிய பெட்டிக்குள், மெல்லிய கம்பியோடு அதே சுமையைத் தாங்கும் என்று கொள்ள இயலாது. இதனைக் கணக்கிட்டு, தேவைக்கு மேல் தாராளமான அளவைத் தேர்ந்தெடுப்பது வடிவமைப்பாளரின் வேலையேயன்றி வயலில் நிற்பவரின் வேலையன்று.

பிற நாடுகளின் அனுபவம்

2016 அக்டோபர் 23ஆம் நாள் அமெரிக்காவில் கோப்ரோ நிறுவனம் 'கர்மா' என்னும் டிரோனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பறக்கும்போதே மின்சாரம் அற்றுச் சில டிரோன்கள் விழவே, 16 நாட்களுக்குள், நவம்பர் 8ஆம் நாள், விற்ற ஏறத்தாழ 2,500 டிரோன்கள் அனைத்தையும் நிறுவனம் திரும்பப் பெற்றது. மாற்று டிரோன் தரப்படவில்லை. முழு விலையும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பாட்டரியை உடலோடு பிணைத்து நிறுத்தும் அமைப்பே காரணம் எனக் கண்டு, அதனைத் திருத்தி 2017 பிப்ரவரியில் மீண்டும் விற்பனைக்கு வந்தது. 2018 ஜனவரியில் அந்நிறுவனம் டிரோன் தொழிலையே கைவிட்டது வேறு செய்தி. இங்கே வழக்கில்லை, வாதமில்லை. டிரோனும் பாட்டரியும் ஒரே நிறுவனத்தின் பெயரில் வந்தமையால் பழியைத் தள்ளிவிட இடமுமில்லை.

பிரிட்டனில் 2018இல் நிகழ்ந்தது இன்னும் படிப்பினை தருவது. டிஜெஐ நிறுவனத்தின் மேட்ரிஸ் 200 வரிசை, இன்ஸ்பயர் 2 ஆகிய டிரோன்களில், பாட்டரியில் போதிய மின்சாரம் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே பறப்பின் நடுவில் மின்சாரம் முற்றிலும் அற்றுப்போன நிகழ்ச்சிகள் பதிவாயின. அவை எண்ணிக்கையில் சிலவே. எனினும் அந்நாட்டுச் சிவில் விமான ஆணையம் அக்டோபர் இறுதியில் பாதுகாப்பு அறிவிப்பு ஒன்றை வெளியிட்டு, டிபி50, டிபி55 என்னும் பாட்டரி வகைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றைக் கொண்ட டிரோன்களை மனிதர்களுக்கு மேலாகப் பறக்கவிடுவதைத் தடுத்தது. உற்பத்தியாளர் பாட்டரியின் மென்பொருளைத் திருத்தி வெளியிட்டார்.

இந்நிகழ்ச்சியில் கோளாறு இணைப்பியில் அன்று என்பது உண்மையே. ஆயினும் நடைமுறை ஒன்று இதில் தெளிவாகிறது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு விபத்தும் இயக்கியவரின் கவனக்குறைவாகவே தோன்றியிருக்கும். அவை ஓரிடத்தில் வந்து சேர்ந்தபோதுதான் அவற்றின் ஒற்றுமை புலப்பட்டது. ஒரே வகைப் பாட்டரி, ஒரே வகை நிகழ்ச்சி. இந்தியாவில் இணைப்பிக் கோளாறுகள் பற்றிய பூசல்கள் முடிவின்றி நீள்வதற்குச் சட்டமின்மை காரணமன்று. இவ்வாறு ஒன்றுசேர்த்துக் காணும் பழக்கம் இன்னும் வேரூன்றாமையே முதன்மையான காரணம் எனலாம்.

சட்டம் யாரைச் சுட்டுகிறது?

2022 பிப்ரவரி 9ஆம் நாள் வெளிநாட்டு வாணிபத் தலைமை இயக்குநரகம் வெளியிட்ட அறிவிக்கை, முழுமையாகவோ பகுதி பகுதியாகப் பிரித்தோ டிரோன்களை இறக்குமதி செய்வதைச் சில விலக்குகளுடன் தடை செய்தது. உதிரி பாகங்களை இறக்குமதி செய்யத் தடையில்லை. இதற்கு முந்தைய ஆண்டு, 2021 செப்டம்பரில், டிரோன்களுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் 120 கோடி ரூபாய் மதிப்பில் உற்பத்தி சார்ந்த ஊக்கத் திட்டம் ஒன்றும் வந்தது. இவற்றால் உள்நாட்டில் டிரோன் தொழில் வளர்ந்தது. ஆனால் இன்றைய 'உள்நாட்டு டிரோன்' பலவற்றில் மோட்டார் ஓரிடத்தது, பாட்டரியின் மின்கலங்கள் வேறிடத்தவை, இணைப்பி மூன்றாமிடத்தது. சேர்த்துப் பூட்டிப் பெயர் பொறிப்பவரே உள்ளூர்க்காரர். 'பாகம் எங்களுடையதன்று' என்னும் வாதம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

இவ்வாதம் நுகர்வோர் முன்னே செல்லாது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருள் உற்பத்தியாளர் என்பதற்குத் தரும் விளக்கம் பரந்தது. பொருளையோ அதன் பாகத்தையோ செய்பவர், பிறர் செய்த பாகங்களை ஒன்றுசேர்ப்பவர், பிறர் செய்த பொருளில் தம் முத்திரையை இடுபவர் ஆகிய அனைவரும் உற்பத்தியாளரே. இணைப்பியை வார்த்தவரும் உற்பத்தியாளர், அதனை டிரோனில் பொருத்தி விற்றவரும் உற்பத்தியாளர். அவ்விருவருக்கும் இடையில் உள்ள கணக்கு அவர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டியது. அது தீரும்வரை வாங்கியவர் காத்திருக்க வேண்டுமென்று சட்டம் கூறவில்லை. சட்டத்தின் 84ஆம் பிரிவின்படி உற்பத்திக் குறை, வடிவமைப்புக் குறை, நிர்ணயித்த அளவிலிருந்து விலகல், வெளிப்படையான உத்தரவாதத்துக்கு மாறாக இருத்தல், சரியான பயன்பாட்டுக்குப் போதிய அறிவுரை தராமை ஆகிய ஒவ்வொன்றும் பொறுப்பைக் கொணரும். கடைசிக் காரணம் இணைப்பிக்குப் பெரிதும் பொருந்துவது. எத்தனை முறை செருகியபின் மாற்ற வேண்டும், எதனைக் கொண்டு துடைக்க வேண்டும், கறுத்த முள்ளை என்ன செய்ய வேண்டும் என்பன கையேட்டில் இல்லாதபோது, பராமரிப்பின்மை என்னும் குற்றச்சாட்டின் வலு குறைந்துவிடுகிறது. அக்கையேடு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் அது போதிய அறிவுரைதானா என்பதும் கேட்கத்தக்க கேள்வியே.

ஆனால் இச்சட்டத்தில் பலரும் கவனியாத ஓர் எல்லை உண்டு. 'பொருள் பொறுப்பு' என்னும் இயலின் கீழ் இழப்பீடு கோருவதற்குரிய தீங்கு, உயிர்க்கும் உடலுக்கும் பிற சொத்துக்கும் நேர்வது. பொருளுக்கே நேர்ந்த சேதத்தையும், வாணிப இழப்பையும் சட்டம் அத்தீங்கில் சேர்க்கவில்லை. விழுந்த டிரோன் அருகில் நின்றவரைக் காயப்படுத்தினால் அவர் இவ்வியலை நாடலாம். டிரோன் தானே உடைந்ததற்கும், பருவம் போனதற்கும் இவ்வியல் பயன்படாது. ஆகவே குழுவினர், குறைபாடுள்ள பொருள் என்னும் அடிப்படையிலும் உத்தரவாதத்தின் அடிப்படையிலும் முறையீடு செய்வதே பொருத்தம். 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவும் துணை நிற்கும். வாங்குபவர் தம் நோக்கத்தைத் தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கும்போது, பொருள் அந்நோக்கத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்னும் நிபந்தனை சொல்லாமலே அடங்கியிருப்பதாக அப்பிரிவு கொள்கிறது. ஒப்பந்தத்தின் மூலம் அதனை விலக்கிவிடவும் சட்டத்தில் இடமிருப்பதால், கொள்முதல் ஒப்பந்தங்களின் சிறிய எழுத்துக்களை அலுவலர்கள் படிப்பது அவசியம்.

வாணிப நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்னும் மறுப்பும் எழக்கூடும். சுயதொழிலால் பிழைப்பதற்கென்றே ஒருவர் பொருளை வாங்கிப் பயன்படுத்தினால் அது வாணிப நோக்கமாகாது என்று சட்டமே விளக்கம் தந்துள்ளது. வாங்கியவரின் இசைவோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே. டிரோன் தீதி திட்டத்தில் கொள்முதல் செய்வன முன்னணி உர நிறுவனங்கள். டிரோனின் உடைமை குழுக்களிடமோ அவற்றின் கூட்டமைப்பிடமோ உள்ளது. எனவே விலைப்பட்டியல் யார் பெயரில் உள்ளது என்னும் சிறு செய்தியைக் கொண்டு குழுவினரைத் திருப்பி அனுப்புவது எளிதன்று. எனினும் குழுவுக்கு இவ்விளக்கம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது அந்தந்த வழக்கின் செய்திகளைப் பொறுத்தது.

உற்பத்தியாளருக்கும் நியாயம் உண்டு. பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டதாகவோ மாற்றி அமைக்கப்பட்டதாகவோ இருந்தால் பொருள் பொறுப்பு வழக்கு தொடர முடியாது என 87ஆம் பிரிவு கூறுகிறது. கறுத்த இணைப்பியை வெட்டி எறிந்துவிட்டுச் சந்தையில் கிடைத்த வேறொன்றை அருகிலுள்ள மின்கருவிக் கடையில் பற்றவைத்துக்கொள்வது பருவ அவசரத்தில் நடப்பதே. அதைச் செய்தவரைக் குறைகூறவும் மனம் வராது. மறுநாள் தெளிப்புக்கு முன்பணம் வாங்கியிருப்பார். ஆயினும் அந்நொடியே சான்றும் உரிமையும் ஒருங்கே கை நழுவுகின்றன.

2021 ஆகஸ்டில் வெளியான டிரோன் விதிகளின்படி வழங்கப்படும் வகைச் சான்றைக் காட்டி, 'எங்கள் டிரோன் அரசால் சோதிக்கப்பட்டது' என்று பதில் உரைப்பதும் உண்டு. வகைச் சான்று என்பது ஒரு மாதிரியின் வடிவமைப்பைப் பற்றியது. பின்னர் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு டிரோனின் ஒவ்வோர் ஈயப்பற்றுக்கும் அது உறுதிமொழியன்று. நுகர்வோர் சட்டத்தின்கீழ் உற்பத்தியாளருக்குள்ள கடமையை அது எவ்வகையிலும் குறைப்பதில்லை.

சான்று எங்கே கிடைக்கும்?

பொறுப்பைப் பற்றிய வாதங்கள் பலவும் முடிவில் சான்றின்மையால் தோற்கின்றன. ஆனால் டிரோனைப் போல் தன் மரணத்தைத் தானே எழுதிவைக்கும் இயந்திரம் வேறில்லை. பறப்பைக் கட்டுப்படுத்தும் கருவி, மின்னழுத்தத்தையும் பெரும்பாலும் மின்னோட்டத்தையும் வினாடிக்குப் பலமுறை பதிவு செய்கிறது. மின்னழுத்தம் படிப்படியாகச் சரிந்து டிரோன் விழுந்திருந்தால், பாட்டரி தீர்ந்துபோகும் வரை பறக்கவிட்டார் என்று கொள்ள இடமுண்டு. பதிவு எவ்விதச் சரிவுமின்றி நடுவானில் சட்டென்று அறுந்திருந்தால், மின்வழியே துண்டிக்கப்பட்டது என்பதற்கு அது வலுவான அறிகுறி. தன்னுள்ளே பதிவு வைத்திருக்கும் பாட்டரிகளில் இன்னும் நுட்பமான ஒப்பீடு இயலும். பாட்டரி காட்டும் மின்னழுத்தத்துக்கும் டிரோன் காட்டும் மின்னழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசமே இடையிலுள்ள கம்பியும் இணைப்பியும் விழுங்கிய அளவு. 100 ஆம்பியரில் அது 0.1 வோல்ட்டாக இருந்து வாரந்தோறும் கூடி 0.4 ஆகியிருந்தால், தடை 1 மில்லி ஓமிலிருந்து 4 மில்லி ஓமாக உயர்ந்துள்ளது எனப் பொருள். முழுவதும் அழுத்தாமல் செருகிய இணைப்பி ஒரே பறப்பில் தன்னைக் காட்டிக்கொள்ளும். தேய்மானமோ வாரக்கணக்கில் எழுதிக்கொண்டே வரும். இயக்கியவரின் பிழையையும் உறுப்பின் குறையையும் பிரித்தறிய இதனினும் நல்ல வழி வயலில் கிடையாது.

சிக்கல் யாதெனில், இப்பதிவுகளைப் படிக்கும் மென்பொருள் பெரும்பாலும் உற்பத்தியாளரிடமே இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரே சாட்சியையும் கையில் வைத்திருக்கும் நிலை இது. பதிவுகளின் நகலைக் கேட்ட நாளிலிருந்து குறிப்பிட்ட நாட்களுக்குள் தர வேண்டும் என்று கொள்முதல் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. தொகுப்பில் ஓராண்டு உத்தரவாதமும் இரண்டாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் ஏற்கெனவே அடங்கியிருப்பதால், அவ்வரியைச் சேர்க்க இடமும் இருக்கிறது.

உடைந்த இணைப்பி தானும் ஒரு சான்றே. உள்ளிருந்து வெளியே உருகியதா, வெளியிலிருந்து நெருப்புப் பட்டதா, முள் கறுத்ததா, பற்று விட்டதா என்பனவற்றை ஆய்வுக்கூடம் சொல்லிவிடும். குறையைச் சோதனையின்றி அறிய இயலாதபோது, மாவட்ட நுகர்வோர் ஆணையம் மாதிரியைப் பெற்று முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவும், 45 நாட்களுக்குள் அறிக்கை பெறவும் சட்டத்தின் 38ஆம் பிரிவு வகை செய்துள்ளது. கோளாறு வந்தவுடன் இணைப்பியின் இரு பக்கங்களையும் பிரிக்காமல், கம்பியோடு சேர்த்து, படம் எடுத்து, உறையில் இட்டு நாள் குறித்து வைப்பதற்கு எவ்விதச் செலவும் இல்லை. உற்பத்தியாளரின் பணியாளர் பழைய உறுப்பைக் கொண்டு செல்வதாயின் ஒப்புதல் சீட்டு எழுதி வாங்குவது நல்லது. 'புதியது போட்டுவிட்டோம்' என்னும் உதவி, பல வேளைகளில் சான்றை எடுத்துச் செல்லும் உதவியாகவும் ஆகிவிடுகிறது.

டிரோன் விபத்தை 48 மணி நேரத்துக்குள் இணையத்தளத்தின் வழியே தெரிவிக்க வேண்டும் என்பது 2021ஆம் ஆண்டு விதிகளில் உள்ள கடமை. வயலில் விழுந்து யாருக்கும் காயம் படாத நிகழ்ச்சிகளைத் தெரிவிப்பதில் குழுவினருக்குத் தயக்கம் இருப்பது இயல்பே. உரிமம் போய்விடுமோ, கடன் கொடுத்த வங்கி கேட்குமோ என்னும் அச்சம் எளிதில் அகலாது. பிரிட்டனில் அறிவிப்புக்கு வழி வகுத்தவை சில நிகழ்ச்சிகளே என்பது மேலே கூறப்பட்டது. அச்சில நிகழ்ச்சிகளும் எழுதப்படாமல் போயிருந்தால் அவ்வறிவிப்பே இல்லை.

குறையுள்ள மோட்டார் வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு ஆணையிட, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. வாகன உடைமையாளர்களில் குறிப்பிட்ட சதவிகிதத்தினர் ஒரே குறையைத் தெரிவித்தால் அரசு செயற்பட அப்பிரிவு இடமளிக்கிறது. டிரோனைப் பொறுத்தவரை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு கைகொடுக்கும். ஆபத்தான பொருளை விசாரணைக்குப் பின் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் செய்யவும், விலையைத் திருப்பித் தரச் செய்யவும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அப்பிரிவு அதிகாரம் தருகிறது. ஒரே நலன் கொண்ட பல நுகர்வோர் சேர்ந்து, ஆணையத்தின் அனுமதியுடன், ஒரே முறையீடு செய்யவும் 35ஆம் பிரிவில் வழியுண்டு. பத்துக் குழுக்கள் தனித்தனியே பத்துத் தொலைபேசி அழைப்புகள் செய்வதற்கும், ஒரே மாதிரி டிரோனின் பத்துக் கறுத்த இணைப்பிகளை வரிசை எண்ணோடு ஒரே மேசைமீது வைப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. முன்னதில் பத்துக் கவனக்குறைவுகள் தெரியும். பின்னதில் ஒரு வடிவமைப்பு தெரியும்.

அம்மேசையை அமைக்கக்கூடியவர் வட்டாரத்தில் இருக்கும் வேளாண் அல்லது ஊரக வளர்ச்சி அலுவலரே. டிரோனின் வகை, அதன் எண், பாட்டரியின் எண், இணைப்பியின் வகை, எத்தனையாவது நாளில் கோளாறு, அன்றைய வெப்பம், முன்பு பழுது பார்த்தவர் யார் என்னும் ஏழு கட்டங்களைக் கொண்ட பதிவேடு ஒன்று அதற்குப் போதும். பொறியியல் கல்லூரி, தொழிற்பயிற்சி நிலையம் ஆகியவற்றின் மாணவர்களுக்கும் இதில் வேலை உண்டு. மில்லி ஓம் அளக்கும் கருவியைக் கொண்டு பருவத்தின் தொடக்கத்திலும் இறுதியிலும் ஒவ்வொரு டிரோனின் இணைப்பியையும் அளந்து எழுதினால், எந்த வகை இணைப்பி எத்தனை செருகலுக்குப் பின் தளர்கிறது என்பது ஓராண்டிலேயே தெரிந்துவிடும். கையேட்டில் இல்லாத அந்த எண்ணை அதன்பின் உற்பத்தியாளரிடம் கேட்டு நிற்க வேண்டியதில்லை. அதுவரை, டிரோன் பக்கத்து இணைப்பியை ஒவ்வொரு பருவத்தின் முன்பும், உத்தரவாதம் குலையாதவாறு பராமரிப்பு ஒப்பந்தத்தின் கீழ் உற்பத்தியாளரின் பணியாளரைக் கொண்டே மாற்றிக்கொண்டு, கழற்றிய பழையதை நாள் குறித்த உறையில் பதிவேட்டோடு சேர்த்து வைக்கலாம்.